வெட்டி எடுத்த இடம்

கேசட்டைத் திரும்ப ஓடவிட்டபோது, முஜீப் வெட்டி எடுத்த இடத்தில் பாட்டு இல்லை.

நாடா சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவன் மனைவி ஹஸ்னாவின் குரல் வந்தது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்முன் அவள் மூக்கால் விடும் அந்தச் சின்ன முனகல் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. தேய்ந்த நாடாவென்றால் கரகரப்பாவது கேட்கும். இதில் அதுகூட இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியது நகல்தான். நகலை வெட்டினால் அசலுக்கு எதுவும் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். டேப் ரிக்கார்டரின் ஹெட்டில் அழுக்கு என்று நினைத்துப் பஞ்சால் துடைத்து மறுபடி போட்டான். அந்த இடம் அப்படியே காலியாகக் கிடந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் அவனுக்கு இரவு ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. ஜன்னலில் போர்வையை மாட்டினாலும் லாரிகளின் உறுமலும், துருவும் கரியும் கலந்த ஆலை வாடையும், யாரோ எங்கோ தகடை இறக்கிப்போடும் அதிர்வும் தரை வழியாக ஏறிப் பாய்க்குள் வந்துவிடும். குழந்தையைப் பழவேற்காட்டுக் கடலோர மணலில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியதிலிருந்து இந்த வாடகை வீட்டில் அவனும் ஹஸ்னாவும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்துகொண்டிருந்தார்கள். அழுகை அங்கேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. சோறு வெந்தது, தின்றார்கள். துணி காய்ந்தது, மடித்தார்கள்.

அவனிடம் மிஞ்சியது பீட் கட்டுவது ஒன்றுதான். ஏதாவது ஒரு பாட்டில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, அதையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, மேலே தாளம் வைப்பான். பொன்னேரியில் நடனக் குழு நடத்தும் பரத் அதை மேடையில் போடுவான்.

“சினிமாப் பாட்டுலருந்து எல்லாருந்தான் வெட்டுறானுங்கோ மச்சான்,” என்று பரத் போனில் சொல்லியிருந்தான். “யாருமே கேக்காத கொரலா ஒண்ணு புடி.”

அப்படி ஒரு குரல் வீட்டிலேயே இருந்தது. குழந்தை பிறந்த புதிதில், அதை மடியில் போட்டு ஹஸ்னா தாலாட்டியதை ஒரு மத்தியானம் பதிவு செய்து வைத்திருந்தான். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“எடுத்துக்கோங்க,” என்றாள். “எனுக்கு இன்னாத்துக்கு அது?”

முழு வரியை எடுத்தால் அது பாட்டாகவே நின்றுவிடும். சொல்லை எடுத்தால் அர்த்தம் வந்து தாளத்தை இடிக்கும். இரண்டு சொல்லுக்கு நடுவில், பாடுகிறவர் தன்னை அறியாமல் விடுவதுதான் நல்ல துண்டு. அதனால்தான் முனகலை எடுத்தான்.

அன்று சாப்பிடும்போது, “கொழம்பு நல்லாக்கீது,” என்றான். ஹஸ்னா வழக்கம்போல ‘ம்’ கொட்ட உதட்டை மூடினாள். தொண்டை அசைந்தது. சத்தம் வரவில்லை.

“தொண்ட கட்டிக்கிச்சா?”

“இல்லியே. நல்லாத்தான் கீறேன்.”

பேச்சு சரியாக வந்தது. அந்த ‘ம்’ மட்டும் இல்லை.

மறுநாள் தாளத்துக்கு ஒரு தட்டல் தேவைப்பட்டது. பாடிக்கொண்டே அவள் குழந்தையின் முதுகில் தட்டியது நாடாவில் இருந்தது. உள்ளங்கை மெத்தென்று விழும் சத்தம், எந்த மேளத்திலும் கிடைக்காதது. அதை வெட்டினான். கொஞ்ச நேரத்தில் அடுக்களைப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஹஸ்னா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய்நார் தேய்ந்தது, வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன, சோப்பு வழுக்கி எவர்சில்வர் குண்டான் அவள் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தொட்டியில் விழுந்து உருண்டது. எதிலும் சத்தமில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

அவன் பிடரி சில்லிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு உடம்பில் ஏதோ ஒன்று ஊர்ந்தது. அது பயம் என்று புரியவே சற்று நேரம் பிடித்தது.

கம்ப்யூட்டரை அணைத்து, கேசட்டை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனான். இனி அதைத் தொடுவதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டான்.

காலையில் திரும்பி வந்தபோது தெருவிலேயே கேட்டது. உள்ளே இழுக்கும் ஒரு மூச்சு. வெளியே விடும் ஒரு மூச்சு. மறுபடி இழுக்கும் அதே மூச்சு.

ஹஸ்னா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அலைகோடு ஓடியது. இத்தனை நாளும் வாசலில் நின்று அவன் வெட்டுவதைப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“நானே எடுத்தேன்,” என்றாள்.

அவள் பேசியபோது ஸ்பீக்கரில் மூச்சு நின்றது. பேசி முடித்ததும் தொடங்கியது. அவன் அவள் நெஞ்சைப் பார்த்தான். ஏறவில்லை. இறங்கவில்லை. மூக்கின் கீழ் விரலை நீட்டினான். ஒன்றுமில்லை. மவுஸை நோக்கிக் கை போனது.

“நிறுத்தாதீங்க.” அவள் முகத்தில் வலி இல்லை. “புள்ள சத்தம் அதுல எங்கியோ கீது. நீங்கதான் அத்தத் தாண்டித் தாண்டி வெட்டிக்கினு இருந்தீங்க. எடுத்துக் குடுங்க.”

அவனுக்கு இடம் தெரியும். பாட்டின் கடைசியில், பால் குடித்துக்கொண்டே குழந்தை விடும் ஒரு ‘ங்’. ஒவ்வொரு தடவையும் அங்கே வருவதற்குமுன் நிறுத்திவிடுவான்.

“வேணாம் ஹஸ்னா.”

“எனுக்கு உள்ள ஒண்ணுமே இல்லீங்க. அது மட்டும் போதும்.”

அவனுக்குள்ளும் ஒன்றும் இல்லை. மறுக்கக்கூட எதுவும் இல்லை. தொடக்கத்தைக் குறித்தான். முடிவைக் குறித்தான். வெட்டினான்.

ஓடவிட்டான்.

ங். மூச்சு. ங். மூச்சு.

ஹஸ்னா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் சம்மணம் போட்டாள். துப்பட்டாவைத் தோள்மேல் இழுத்து மடியை மூடினாள். எப்போதோ வற்றிப்போன நெஞ்சில், நைட்டியின் மேல், ஈரம் வட்டமாகப் படர்ந்தது. பால் வாடை அடித்தது.

மடியில் எதுவும் இல்லை. அவள் மூடும்முன் அவன் பார்த்திருந்தான். வெறும் மடி.

துணி உள்வாங்கியது. விட்டது. உள்வாங்கியது. தாளம் தப்பவில்லை.

அவள் குனிந்து துப்பட்டாவுக்குள் பார்த்துச் சிரித்தாள். சத்தமில்லாமல் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

அவள் முழங்கைக்குக் கீழே, துணியின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் குதிகால் வெளியே வந்தது. நீலம் பாரித்திருந்தது. ஈர மணல் ஒட்டியிருந்தது. தாளத்துக்கு உதைத்துக்கொண்டிருந்தது.