துளையில்லாத வாழைப்பழம்

விஜயதசமிக் காலையில் அந்த வீட்டில் எல்லாமே பேசின, கணினி ஒன்றைத் தவிர. அடுப்படியில் மிக்ஸி உறுமியது. வாசலில் அண்ணன் வீரபாண்டியன், டிராக்டரில் கட்டியிருந்த வாழைக்கன்றை அவிழ்த்தபடி கைபேசியில் யாரையோ வைதுகொண்டிருந்தான். பாண்டீஸ்வரன் கணினியின் தலையில் இருந்த பொத்தானை அழுத்தினான். உள்ளே விசிறி சுழலத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து வரவேண்டிய குரல் மட்டும் வரவில்லை.

பிறவியிலேயே பார்வையற்ற அவனுக்கு அந்தக் குரல்தான் கணினி. திரையில் உள்ளதையெல்லாம் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரல் அது. பிறர் வீட்டில் ஒலி போனால் பாட்டுக் கேட்க முடியாது. அவன் வீட்டில் ஒலி போனால் கணினியே இருந்தும் இல்லாததாகிவிடும். மறுநாள் காலை அந்தக் கணினி வழியாகவே அவனுக்கு ஒரு தேர்வு இருந்தது. இணையதளங்கள் பார்வையற்றோருக்குப் பயன்படுகின்றனவா என்று சோதித்துச் சொல்லும் வேலை. சென்னையில் ஒரு நிறுவனம். அவன் இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததும், அவன் அம்மா மலையம்மாள் இத்தனை நாளாக அஞ்சிக்கொண்டிருந்ததும் அதே வேலைதான்.

காரைக்குடியில் கணினிப் பழுது பார்க்கும் அகிலாண்டேஸ்வரிக்கு அவன் போன் செய்தான். கடைப் பூஜையை முடித்துவிட்டு, கணவர் காசியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவள் கண்டனூர் வந்து சேர்ந்தாள். முதலில் உள்ளே வந்தது காசியின் குரல்.

"வண்டியை நிப்பாட்டும்போதே சொல்லிட்டேன் தம்பி. ஸ்பீக்கர் அவுட்டு. புதுசே கொண்டாந்துட்டேன்."

"ஏங்க, இன்னும் செருப்பைக் கழட்டலை. அதுக்குள்ள கேஸை முடிச்சிட்டீகளா?" என்றாள் அகிலாண்டேஸ்வரி.

அவள் குரலில் அவசரமில்லை. ஸ்பீக்கர் வயரைத் தன் கைபேசியில் இணைத்தாள். நாதஸ்வரம் கணீரென்று ஒலித்தது.

"ஸ்பீக்கருக்கு ஒண்ணுமில்ல."

"அப்பப் பின்னால வயரை மாத்திச் சொருகியிருப்பாக," என்றார் காசி, தோல்வியைத் துளியும் பொருட்படுத்தாமல். "நேத்து ஆயுத பூஜைக்கு இதைத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"எங்கண்ணன். அவன்தான் திரும்பக் கொண்டாந்து மாட்டுனான்," என்றான் பாண்டீஸ்வரன். "ஆனா மாத்திச் சொருக வழியில்லண்ணே. அந்த வயர்ல நான் ஒரு நூலு கட்டியிருக்கேன். அது போற ஓட்டைக்குப் பக்கத்துல பசையை ஒரு சொட்டு ஒட்ட வச்சிருக்கேன். காலையில தடவிப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு."

காசி ஒரு பெருமூச்சு விட்டார். பையிலிருந்து திருப்புளி வெளிவரும் ஓசை கேட்டது. "உள்ள வைங்க" என்ற மனைவியின் ஓசையும் உடனே கேட்டது.

அகிலாண்டேஸ்வரி திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் பார்க்க முடியாததை அவனுக்காகச் சொல்கிறாள் என்பது சற்று நேரம் கழித்தே அவனுக்குப் புரிந்தது. "சத்தம் முழுசா வச்சிருக்கு. அமுக்கி வைக்கலை. படிச்சுச் சொல்றதும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா சத்தம் எங்குட்டுப் போகுதுங்கிற இடத்துல, ஹெட்போன்னு காட்டுது."

"வீட்டுல ஹெட்போனே இல்லையேக்கா! இருந்ததும் போன மாசம் வயரு அறுந்து தூக்கிப் போட்டாச்சு."

"இல்லாத ஹெட்போனுக்குப் பேசிக்கிட்டிருக்கா? மிசினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்றார் காசி. "எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோசைப் புதுசாப் போட்டுறலாம்."

"அது பொய் சொல்றதுக்கு அதுக்கு என்னங்க காரணம் இருக்கு?"

"சரி, அதுவும் வேணாம். என்கிட்ட யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒண்ணு கிடக்கு. பக்கத்துல சொருகுனா அதுபாட்டுக்குப் பேசும். நாளைக்குத் தம்பி பரீட்சையை முடிச்சிரலாம்."

பாண்டீஸ்வரன் கதவுப் பக்கம் செவியைத் திருப்பினான். மிக்ஸி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினான்.

"பேசுறது மட்டும் போதாதுண்ணே. இதோட வாயை அடைச்சது யாருன்னு எனக்குத் தெரியணும். பூஜைக்கு முந்தின நாளு அம்மா அண்ணன்கிட்டச் சொன்னதைக் கேட்டேன். 'அந்த மிசினு மட்டும் பேசாம இருந்துச்சுன்னா, இவன் எங்குட்டும் போகமாட்டான்'னாக. ஒரு நாளு விட்டு இது பேசலை."

காசி தன் பையின் வாயை மூடும் ஓசை கேட்டது.

"அம்மாதான்னு ஆகிருச்சுன்னா," என்றான் அவன், "நான் போனாலும் இந்த வீட்டை நெனச்சு நல்லபடியா இருக்க முடியாது. போகாட்டியும் முடியாது."

ஐயத்தின் இயல்பு அதுதான். அது ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால், பரிமாறப்படும் சோற்றிலும் கேட்கப்படும் நலத்திலும் உட்கார்ந்துகொள்கிறது. காலையில் அம்மா நீட்டிய காப்பியை அவன் பாதியிலேயே வைத்திருந்தான்.

நாற்காலி நகர்ந்தது. அகிலாண்டேஸ்வரி எழுந்து குனிந்து, கணினியின் மேற்புறத்தை முகர்வது கேட்டது.

"தம்பி, காலையில இதைத் தொட்டப்ப கையில எதுவும் பட்டுச்சா?"

"பொத்தானைச் சுத்தி மாவு மாதிரி தூசி. கீபோர்டுலயும் இருந்துச்சு. விபூதின்னு நெனச்சுத் தொடச்சிட்டேன்."

"நெத்தியில வச்சீகளா?"

"இல்லையே."

"நல்லது. பூஜை முடிஞ்சு என்ன சாப்பிட்டீக?"

"அகிலா, பசிக்குதுன்னா நேராக் கேளு. அந்தம்மா போடாமயா இருக்கப் போறாக?" என்றார் காசி.

"சுண்டல், பொரி, ஒரு வாழைப்பழம்," என்றான் பாண்டீஸ்வரன், வியப்புடன்.

"அந்தப் பழம் எப்படி இருந்துச்சு?"

அவன் நினைவுபடுத்திக்கொண்டான். "நல்ல பழம். வருசா வருசம் எனக்கு வாரது ஓட்டைப் பழம்தான். பத்தி சொருகுன பழம். ஓட்டைப் பழம் சின்னவனுக்குன்னு அண்ணன் வேணும்னே எடுத்துக் கொடுப்பான். இந்தத் தடவை உரிக்கும்போது தடவிப் பாத்தேன். ஓட்டையே இல்ல. அண்ணன் திருந்திட்டான்னு நெனச்சேன்."

"உங்கண்ணன் திருந்தலை," என்றாள் அகிலாண்டேஸ்வரி. "வீட்டு ஆளுகளைக் கூப்பிடுங்க."

மலையம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வீரபாண்டியன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான்.

"என்னா தாயி, மிசினு சரியாயிருச்சா?" என்றாள் மலையம்மாள். கேட்ட குரலில் இருந்த நடுக்கத்தைப் பாண்டீஸ்வரன் குறித்துக்கொண்டான்.

"சரியாயிரும்மா. அதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட ஒரு கேள்வி. பூஜைக்குச் சாமான் வாங்குனது யாரு?"

"அம்மாதான்," என்றான் வீரபாண்டியன். "பத்தி மட்டும் எங்க வாங்குனதுன்னு கேளுங்க. போன வாரம் குன்றக்குடிக் கோயிலுக்குப் போனாக. என்னத்துக்குன்னு கேட்டா வாயே தெறக்கலை. வரும்போது விறகுக் கட்டை கணக்கா ஒரு பத்திக் கட்டு வாங்கியாந்தாக."

"பத்தியை ஏத்தி வச்சதும் அம்மாதான். இன்னைக்குக் காலையில எடுத்துப் போட்டதும் அம்மாதான். சரியாம்மா?"

"ஆமா தாயி. அதுக்கென்ன?"

"இப்பச் சொல்றேன்," என்றாள் அகிலாண்டேஸ்வரி, பாண்டீஸ்வரன் பக்கம் திரும்பி. "தம்பி, இந்தப் பெட்டியோட தலையில, பொத்தானுக்குப் பக்கத்துல, ஹெட்போன் சொருகுற ஓட்டை மேல பாத்தாப்புல இருக்கு. அதுக்குள்ள ஒரு சின்னத் தகடு இருக்கும். எது உள்ள போனாலும் தகடு நகரும். நகந்துச்சுன்னா, ஹெட்போன் மாட்டிட்டாகன்னு மிசினு நம்பி ஸ்பீக்கரை நிறுத்திரும். ஹெட்போன் இருக்குன்னு அது சொன்னது பொய்யில்ல. அது ஏமாந்திருக்கு. அப்ப அந்த ஓட்டைக்குள்ள எது போச்சு? மேல விழுந்து கிடந்தது விபூதியில்ல, சாம்பல். இன்னும் சந்தன வாசம் அடிக்குது. பத்தி இங்கயே நின்னு எரிஞ்சிருக்கு. எரியுற பத்தியை நிக்க வைக்க எல்லாரும் பழத்துலதான் சொருகுவோம். உங்க வீட்டுல பழத்துல ஓட்டையில்ல. அப்பறம் அது எதுல நின்னுச்சு?"

"யாத்தே!" என்றார் காசி. இதுவரை அவர் சொன்னவற்றில் பிழையில்லாத ஒரே கருத்து அதுதான்.

"எடுக்கும்போது குச்சி முறிஞ்சு அடித்துண்டு உள்ளயே தங்கிருச்சு. தடிப் பத்தியாப் போனதால இறுகிக்கிச்சு."

எப்படி என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. பாண்டீஸ்வரனுக்கு வேண்டியது ஏன் என்பது. அதை அகிலாண்டேஸ்வரியே கேட்டாள்.

"அம்மா, பழம் பக்கத்துலயே இருந்துச்சே. பத்தியை ஏன் மிசினுல கொண்டுபோய்ச் சொருகுனீக?"

மலையம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வளையல் தரையில் படும் ஒலியிலிருந்து அவன் அறிந்தான்.

"ஐயோ, நானா கெடுத்தேன்?" என்றாள். "முந்தின நாளு ஒரு வார்த்தை சொல்லிட்டேன் தாயி. இது பேசாம இருந்தா எம்மகன் போகமாட்டான்னு. சொல்லிட்டு எனக்கே பொறுக்கலை. இவன் பள்ளிக்கூடம் போன காலத்துல யாராச்சும் படிச்சுக் காட்ட மாட்டாகளான்னு வீடு வீடா இவனைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன். அந்த வேலையை இப்ப இது செய்யுது. அதைப் போயிப் பேசாதன்னு சொல்லலாமா? அதான் பூஜையில இதுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். முன்ன இவன் வயரைச் சொருகி அந்த ஓட்டையிலதான கேப்பான்? அதுக்கு வாயி அதுதான்னு நெனச்சேன். வாய்கிட்டயே பத்தியை வச்சு, நான் சொன்னதை மனசுல வச்சுக்காத, எம்மகனுக்குப் பரீட்சையில நல்லபடியாப் பேசிக் குடுன்னு வேண்டிக்கிட்டேன்."

"குன்றக்குடிக்கு?" என்றான் வீரபாண்டியன்.

"இவன் பரீட்சை நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கத்தான்டா. உன்கிட்டச் சொன்னா சிரிப்ப."

வீரபாண்டியன் சிரிக்கவில்லை. பாண்டீஸ்வரன் தரையில் கை வைத்துத் தேடி, அம்மாவின் தோளைக் கண்டுபிடித்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வாயை அடைக்கணும்னு நெனச்சிருந்தா ஓட்டையில அரிசியைப் போட்டிருக்கலாமேம்மா. இம்புட்டு வாசமாவா அடைப்பாக?" என்றான்.

அவள் அழுகைக்கு நடுவே அவன் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

"ஏங்க," என்றாள் அகிலாண்டேஸ்வரி. "இப்பப் பையைத் தெறக்கலாம். கரண்டை அணைச்சிட்டு, உங்க சின்ன இடுக்கியை எடுங்க."

காசி அந்த ஆணைக்காகவே பிறந்தவர்போல் வேலையில் இறங்கினார். மூச்சுப் பிடித்தல், ஒரு முனகல், பிறகு, "வந்துருச்சு!" முறிந்த மூங்கில் துண்டு பாண்டீஸ்வரனின் உள்ளங்கைக்கு வந்தது. நகத்தின் அளவுகூட இல்லை. முகர்ந்தான். சந்தனம்.

மீண்டும் பொத்தான்; மீண்டும் விசிறி. சற்றுப் பொறுத்து, அவன் மட்டுமே பின்தொடரக்கூடிய கடும் வேகத்தில், குரல் பொழிந்தது.

"என்னப்பா இது, சண்டை போடுறாப்புல பேசுது?" என்றாள் மலையம்மாள் அச்சத்துடன்.

அவன் விசைகளை அழுத்தி அந்த வேகத்தைக் குறைத்தான்; இன்னும் குறைத்தான். அம்மாவின் காதுக்கு ஏற்ற நடைக்கு வந்ததும், தேர்வு குறித்து நிறுவனம் அனுப்பியிருந்த மின்னஞ்சலைத் திறந்தான். 'அன்புள்ள பாண்டீஸ்வரன்' என்று அது நிறுத்தி நிதானமாகத் தொடங்கியது. மலையம்மாள் முழுவதையும் கேட்டாள். முடிந்ததும், "மரியாதையாத்தான் கூப்பிடுறாக," என்றாள். அந்த வீட்டில் அது ஓர் ஒப்புதல்.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று மலையம்மாள் மறித்ததில் காசிக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. பந்தி முடிந்த பிறகு, மறுநாளுக்காக அம்மா இன்னொரு முறை சாமி கும்பிட்டாள். தீக்குச்சி உரசும் ஒலி கேட்டதும், "எங்கம்மா சொருகுற?" என்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"தெரியும்டா, தெரியும்!"

சற்று நேரத்தில் வீரபாண்டியன் தம்பியின் கையில் ஒரு பழத்தை வைத்தான். பாண்டீஸ்வரன் அதை உரிக்கவில்லை. பெருவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனான். நடுவில், வழக்கமான இடத்தில், அந்தத் துளை இருந்தது.