பிகாஸுக்கு அப்புறம்

இரவெல்லாம் ஐப்பசி மழை. காலையில் வகுப்புக்குக் குடிதண்ணீர் எடுக்க வந்த பூங்கொடி, பள்ளிக்கூட அடிபம்பின் பக்கத்தில் லிங்கராஜைப் பார்த்தாள். காலில் ஒட்டிய கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு காலிலும் பனங்காய் அளவு மண்!

"ஏலே, மணி அடிச்சாச்சு. உள்ள வா."

"வரல. காலைக் கழுவிட்டு வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுக்குப் போனா மறுபடி மண்ணு ஒட்டுமே, லே!"

லிங்கராஜ் சிரிக்கவில்லை. "மழை முடியிற வரைக்கும் ஆடு மேய்க்கப் போறேன். பள்ளிக்கூடம் வேண்டாம்."

பூங்கொடிக்குப் புரிந்தது. தாமதமாக வந்தால் ஆங்கிலத்தில் காரணம் சொல்ல வேண்டும். அதுவும் 'பிகாஸ்' என்ற இணைப்புச் சொல்லைப் போட்டு, ஒரே வாக்கியமாக. இது சுதாராணி டீச்சரின் சட்டம். போன வாரம் லிங்கராஜ், "ஐ ஆம் லேட் பிகாஸ்..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டான். அன்றிலிருந்து செல்வகணேஷ் அவனை 'பிகாசு' என்றுதான் கூப்பிடுகிறான்.

"டீச்சர் தார் ரோட்டுல பஸ்ஸுல வருதாவ. எங்க காட்டுப்பாதையப் பத்தி அவியளுக்கு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்ல?" என்றான் லிங்கராஜ்.

பூங்கொடி அவன் கால்களைப் பார்த்தாள். சட்டென்று குச்சியைப் பிடுங்கினாள்.

"கழுவாத. அப்படியே வா."

"ஏட்டி, வகுப்பு அழுக்காகுமே!"

"நான் கூட்டிவிடுதேன். வாலே."

வகுப்பு வாசலில் நின்றார்கள்.

"பிகாசு வந்துட்டான்!" என்றான் செல்வகணேஷ்.

"நீ சும்மா இரு" என்றார் டீச்சர். "லிங்கராஜ், சொல்லு."

"ஐ ஆம் லேட் பிகாஸ்..."

வார்த்தை நின்றது. பூங்கொடி கண்ணால் அவன் காலைக் காட்டினாள். லிங்கராஜ் காலைத் தூக்கினான்.

"...திஸ்!"

பொத்தென்று ஒரு மண்கட்டி விழுந்தது. வகுப்பே சிரித்தது. டீச்சர் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு மண்ணோடயா நடந்து வந்தே?"

"ஆமா டீச்சர். இட் ஈஸ் ஹெவி, சோ ஐ ஆம் ஸ்லோ."

"அடடா! நான் 'பிகாஸ்' மட்டும்தானே கேட்டேன். நீ 'சோ'வையும் சேர்த்துக் குடுத்துட்டியே!"

பூங்கொடி விளக்குமாறு எடுக்கப் போனாள்.

மறுநாளும் மழை. ரோட்டில் மரம் விழுந்து பஸ் பாதியில் நின்றுவிட்டது. டீச்சர் காட்டுப்பாதையில் நடந்து, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வகுப்பில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், லிங்கராஜும்தான்.

"டீச்சர், காரணம்!" என்றான் செல்வகணேஷ்.

"ஐ ஆம் லேட் பிகாஸ்..." என்று சொல்லி, டீச்சர் மெல்லக் காலைத் தூக்கினார். செருப்பையே காணோம். கரிசல் மண்தான் தெரிந்தது.

"திஸ்!" என்று வகுப்பே கத்தியது.

லிங்கராஜ் குச்சி தேடி வெளியே ஓடினான்.