உப்புத் தண்ணீர் குடித்த கீரை

"அக்கா! ஓடி வா! கீரை எல்லாம் படுத்திட்டுது!"

தம்பு போட்ட சத்தத்தில், கையில் இருந்த ஈரத்துணியோடு ஞானாம்பிகை கொல்லைக்கு ஓடினாள்.

உண்மைதான். பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்களில் காலையில் நிமிர்ந்து நின்ற கீரை, இப்போது தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலாய்த் தோழி சலேஹா எட்டிப் பார்த்தாள். "அலாமாக்! ஞானா, நாளைக்குப் பறிக்கணுமே!"

ஜப்பான்காரர்கள் பினாங்கைப் பிடித்த பிறகு அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். ஜெலுத்தோங் கடலோரத்து வரிசை வீடுகளில் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். சலேஹாவின் அம்மா நோர்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கி, எழுந்து நடக்கவே முடியவில்லை. வந்து பார்த்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், "கொடுக்க மருந்து இல்லை. தினமும் கீரை கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே ஞானாவும் சலேஹாவும் விதை தூவினார்கள்.

"காலையில் நீதானே தண்ணி ஊத்தினாய்?" என்று ஞானா தம்புவிடம் கேட்டாள்.

"ஓம். ஓலை மிதந்த டின்னில்தான் எடுத்தேன். சத்தியமா, அக்கா!"

வேலி ஓரத்தில் எப்போதும் இரண்டு வகை டின்கள் இருக்கும். ஒன்றில் தெருக்குழாய்த் தண்ணீர். மற்றதில் கடல் தண்ணீர். கடையில் உப்பு விலை ஏறிப்போனதால், பக்கத்து வீட்டுப் பெரியகருப்பன் மாமா கடல் தண்ணீரைக் காவடியில் தூக்கி வந்து உப்புக் காய்ச்சினார். குழாய்த் தண்ணீர் வழியில் தளும்பாமல் இருக்க, அதில் ஒரு தென்னோலைத் துண்டைப் போடுவார்கள். ஓலை மிதந்தால் நல்ல தண்ணீர். அந்த வரிசையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஞானா ஓலை மிதந்த டின்னில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"த்தூ! உப்பு!"

"அட, அந்த டின்னா ஆத்தா?" என்றபடி பெரியகருப்பன் மாமா வந்தார். "இன்னிக்குக் கடல் தண்ணியிலும் ஒரு ஓலையைப் போட்டுக்கிட்டேன். நடக்குறப்ப தளும்பித் தளும்பி வேட்டியெல்லாம் நனையுது."

தம்பு மூக்கை உறிஞ்சினான். "அப்ப, பிழை என்னுடையது மட்டும் இல்லை!"

மாமா தலையைச் சொறிந்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. உப்புத் தண்ணி குடிச்ச பயிர் பிழைக்காது. பிடுங்கிக் கோழிக்குப் போட்டுட்டு மரவள்ளிக் குச்சி நடுங்க."

ஞானாவின் அம்மாவும் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அவர் சொல்றது சரி, பிள்ளை. பொழுது சாயிறதுக்குள்ளே பிடுங்கிடு."

சலேஹாவின் கண்ணில் நீர் திரண்டது. "வேற கீரைக்கு எங்கே போறது லா?"

ஞானா பிடுங்கவில்லை. ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். காயவில்லை, கருகவில்லை. வெறுமனே துவண்டிருந்தது.

"அம்மா, வெள்ளரிக்காயில் உப்புப் போட்டால் என்ன ஆகும்?"

"தண்ணி விடும். இப்ப வெள்ளரிக்காய்க்கு எங்கே போறது?"

"அதேதான் இங்கேயும் நடந்திருக்கு!"

ஜப்பான் சண்டைக்கு முன்பு, அண்ணனின் பள்ளிக் கண்காட்சியில் மைக்ராஸ்கோப் வழியாக அவள் வெங்காயத் தோலைப் பார்த்திருந்தாள். செங்கல் அடுக்கியதுபோல் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றும் ஒரு செல். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று அண்ணன் விளக்கியிருந்தான்.

"மாமா, உங்கள் சைக்கிளில் டயர் இருக்கு, உள்ளே டியூப் இருக்கு. செடியின் செல்லும் அப்படித்தான். வெளியே கெட்டியான சுவர், உள்ளே மெல்லிய தோல். அதற்குள்ளே ஒரு தண்ணீர்ப் பை. பை நிறைந்தால் சுவரைத் தள்ளிக்கொண்டு இலை நிமிர்ந்து நிற்கும். வெளியே இருக்கிற உப்பு, உள்ளே இருந்த தண்ணீரை இழுத்திட்டுது. டியூபில் காற்று இறங்கின மாதிரி."

"செல்லுக்குள்ளே வேற என்ன இருக்கு?" என்றான் தம்பு.

"நடுவில் ஓர் உருண்டை. என்ன செய்யணும் என்று அதுதான் சொல்லும். இலை செல்லில் பச்சை மணிகளும் இருக்கும். அதுதான் சமையல்கட்டு. வெயிலை வைத்தே சாப்பாடு செய்யும்."

"அரிசி இல்லாமலா!"

"கிழங்கும் இல்லாமல்."

மாமா சிரித்தார். "பஞ்சரான டியூபை நீ எப்படி ஒட்டுவே?"

"பஞ்சரா, காற்று மட்டும் இறங்கியிருக்கா என்று முதலில் பார்க்கலாமே."

துவண்ட தண்டு ஒன்றைக் கிள்ளி, குழாய்த் தண்ணீர் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டையில் நிறுத்தினாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அம்மா கிழங்கு உரித்து முடித்தாள். அடுப்பு மூட்டினாள். கிழங்கும் கொதித்தது.

"அக்கா, ஓர் இலை அசைஞ்சது!"

"காத்துடா" என்றார் மாமா.

காற்று இல்லை. ஓர் இலை மெல்ல நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று.

"உயிரோடதான் இருக்கு!" என்று சலேஹா துள்ளினாள். "ஞானா, இப்ப என்ன செய்யணும்?"

"மண்ணில் இருக்கிற உப்பைக் கழுவணும். டின்னுக்கு அடியில் ஓட்டை இருக்கு. ஊத்த ஊத்த உப்பு கீழே போயிடும்."

"இத்தனை தண்ணியா? செல்லு வெடிச்சிடாது?" என்றார் மாமா.

"நம் உடம்பு செல் என்றால் வெடிக்கும், மாமா. அதற்குச் சுவர் இல்லை. டயர் இல்லாத டியூப். கீரைக்குத்தான் டயர் இருக்கே!"

"எனக்கும் டயர் இருந்தால்?" என்றான் தம்பு.

"மரம் மாதிரி விறைச்சு நிற்பாய். உட்காரவே முடியாது."

"அப்ப வேண்டாம்!"

தெருக்குழாயிலிருந்து கொல்லை வரைக்கும் வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் நின்று கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர் அனுப்பினார்கள். மாமாவும் காவடியைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஓலை போட்டது நான்தானே!"

கல் மேல் வைத்திருந்த டின்களுக்குப் பக்கத்தில் தம்பு படுத்துக்கொண்டு, சொட்டும் நீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்பு!... இன்னும் உப்பு!"

"டேய், மண் தண்ணியைக் குடிக்காதே!" என்று அம்மா கத்தினாள்.

"குடிக்கலை அம்மா, பரிசோதனை!... கொஞ்சம் உப்பு... உப்பே இல்லை! அக்கா, உப்பே இல்லை!"

ஆனால் பொழுது சாய்ந்தபோதும் கீரை படுத்தேதான் கிடந்தது. எல்லாரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். அம்மா ஒருமுறை கீரையைப் பார்த்தாள். பிறகு, நனைந்துபோய் நின்ற மகளைப் பார்த்தாள்.

"விடியட்டும்" என்றாள்.

விடிந்ததும் தம்புவின் சத்தம்தான் வரிசை வீடுகளை எழுப்பியது.

"அக்கா! கீரை எழும்பிட்டுது! எல்லாம் எழும்பிட்டுது!"

டின் டினாகக் கீரை நிமிர்ந்து நின்றது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தார். அவருடைய கடல் தண்ணீர் டின்களில் அன்று முதல் ஓலை இல்லை, சிரட்டைதான் மிதந்தது.

ஞானா முதல் கட்டுக் கீரையைப் பறித்து சலேஹாவின் கையில் கொடுத்தாள்.

மத்தியானம் சலேஹா வேலியோரம் ஓடி வந்தாள். "அம்மா முழுசும் சாப்பிட்டாங்க! வீட்டில் உப்பு இல்லை, சும்மாதான் அவிச்சேன். ஆனா அம்மா கேட்டாங்க, 'யார் உப்புப் போட்டது, சரியா இருக்கே' என்று!"

தம்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான்தான்!"