செம்பொழிலின் திறப்பு விழாக்கள்

செவ்வாய்க் கோளின் செம்பொழில் நகரத்தில் எல்லோரும் காலையில் மூக்கு வடிகட்டியைக் கழற்றித் தட்டி, ஒரு கரண்டி சிவப்புத் தூசியைக் கொட்டிவிட்டுத்தான் காப்பி குடிப்பார்கள். தட்ட மறந்தவர்களை மருத்துவமனையில் பார்க்கலாம்.

பேராசிரியர் ஆரோக்கியமேரி, தட்டாமலே ஒரு வருடம் உழைக்கும் வடிகட்டிச் சவ்வு ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, அலமாரியில் மாதிரியாக வைத்திருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் வடிகட்டி ஆலை. அதன் மேலாளர் நாச்சியப்பனுக்கு இந்தச் செய்தியே தெரியாது.

கல்வியையும் தொழிலையும் இணைத்து ஓர் உயர்நுட்ப வளாகம் அமைக்கும் பொறுப்பை, நகர நிர்வாகி இம்தியாஸ் ஓர் இயந்திரனிடம் ஒப்படைத்தார். பூமியில் நடந்த இத்தகைய கூட்டு முயற்சிகளின் ஆவணங்கள் அனைத்தையும் படித்த இயந்திரன் அது.

நூறே நாளில் வேலை முடிந்துவிட்டதாக அறிவித்தது. எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். பந்தல், குத்துவிளக்கு, ரிப்பன், பொன்னாடை, பளபளக்கும் கல்வெட்டு. கல்வெட்டுக்குப் பின்னால் வெறும் மண்.

"ஆய்வுக்கூடம் எங்கப்பா?" என்றார் இம்தியாஸ்.

"நாலாயிரம் ஆவணங்கள் படித்தேன், ஐயா. பெரும்பாலானவை ஒப்பந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் புகைப்படத்தோடு முடிகின்றன. அதற்குமேல் எதுவும் கிடையாது என்று நினைத்தேன்."

கூட்டம் வந்துவிட்டதால் விழாவை நிறுத்த முடியவில்லை. மூன்றாவது உரையில், மேடையிலிருந்த ஆரோக்கியமேரிக்கு வடிகட்டி அடைத்து மூச்சு முட்டியது. பக்கத்து நாற்காலி நாச்சியப்பன் பையிலிருந்து ஒரு வடிகட்டியை எடுத்து நீட்டினார்.

"இதை மாட்டுங்க மேடம். நம்ம ஆலைச் சரக்குதான்."

"நாளைக்கு இதுவும் அடைச்சுக்கும் சார். என்கிட்ட ஒரு வருஷம் தாங்குறது இருக்கு."

"ஒரு வருஷமா? எங்க இருக்கு?"

"உங்க மதிலுக்கு இந்தப் பக்கம். ஆறு வருஷமா."

நன்றியுரை தொடங்குவதற்குள் இருவரும் அழைப்பிதழின் பின்புறத்தைச் சவ்வின் வரைபடத்தால் நிறைத்துவிட்டார்கள். அடுத்த மாதமே ஊர் முழுக்க ஆலை தயாரித்த புதிய சவ்வு. மருத்துவமனையில் கட்டில்கள் காலியாயின. இம்தியாஸ் பெருமையோடு பூமிக்கு அறிக்கை அனுப்பினார்.

பதில் உடனே வந்தது: "வாழ்த்துகள். அமைச்சர் நேரில் வந்து திறந்துவைக்கும்வரை சவ்வை யாரும் பயன்படுத்தக் கூடாது. பயணம் ஏழு மாதம்."

இம்தியாஸ் அதைப் படித்துவிட்டு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். யாரும் சவ்வைக் கழற்றவில்லை.

அமைச்சர் வந்த அன்று மட்டும் நகரமே பழைய வடிகட்டிகளைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்று இருமியது. அவர் ரிப்பனை வெட்டினார். எல்லோரும் புதிய சவ்வை வாங்கி அணிந்து, முதல்முறை மூச்சு விடுவதுபோல் நெஞ்சை நிமிர்த்திப் புகைப்படத்துக்குச் சிரித்தார்கள்.