கடலுக்குத் தகுதியில்லை

"தலையைத் துவட்டிட்டு உள்ள வாங்க... இது ஆஸ்பத்திரி, ஆத்தங்கரை இல்ல."

மழையில் சொட்டச் சொட்ட நின்றவன் சிரித்துவிட்டான். அந்தக் கண்கள் சிரித்த அழகில் பிலோமிக்குத் துடைத்த தரை ஈரமான கோபம் மறந்தே போயிற்று. சே... என்ன இது?

ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம். ரிங்லெட் ஊருக்கு மேலே, மலைத் தேயிலைத் தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் இல்லாத அங்கே வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் ஆர்தர் மலேரியாவில் படுத்திருக்க, மகள் பிலோமிதான் எல்லாம் பார்த்தாள். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். வந்தவன் கிரகரி, கம்போங் ராஜா பக்கம் தேயிலை ஆலையில் வேலை. பினாங்கில் ஜப்பான்காரர்கள் நடத்தும் மாலுமிப் பயிற்சியில் சேர மருத்துவச் சான்றிதழ் வேண்டுமாம். சேராவிட்டால் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு அனுப்பும் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. சயாமுக்குப் போனவர்கள் யாரும் திரும்பியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

நெஞ்சு, காது, பார்வை... எல்லாம் குறையில்லாமல் இருந்தன. நாடி மட்டும் குதித்தது. ஓடி வந்தீர்களா என்று கேட்டாள்.

"மெதுவாத்தான் வந்தேன் லா," என்றான், அவளையே பார்த்துக்கொண்டு.

கடைசியாக நிறச் சோதனை. கம்பளி நூல்களைக் கொட்டி, பச்சையை எடுக்கச் சொன்னாள். தயங்காமல் சிவப்பை எடுத்தான். விளையாடுகிறான் என்று நினைத்து மறுபடி கேட்டாள். மறுபடியும் சிவப்பு...

தன் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான் என்பது அவனுக்கே தெரியாது. ஆலையில் பச்சை இலை செம்பு நிறத்துக்கு மாறும் பக்குவத்தை மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். தான் முகர்ந்தே சொல்வதாகவும், ஒருநாளும் தப்பியதில்லை என்றும் சொன்னான். கெட்டிக்கார மூக்கு இத்தனை வருடமும் கண்ணைக் காப்பாற்றிவிட்டது.

தகுதி என்றே எழுதித் தரும்படி தாழ்ந்த குரலில் கேட்டான். அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள். கப்பலின் ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, மறுபக்கம் பச்சை. அதில் தவறினால் சாவது அவன் ஒருவன் மட்டுமா? முடியாது என்றாள். அவன் முகம் இறுகியது. இரண்டாம் முறை கெஞ்ச ரோஷம் விடவில்லை. மழையிலேயே இறங்கிப் போனான்.

அன்று பிலோமிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அப்பாவிடம் சொல்லி, கிரகரியின் ஆலையை நடத்தும் ஜப்பான் துரைக்குக் கடிதம் எழுத வைத்தாள். இவன் கடலுக்குத் தகுதியில்லை, ஆனால் இவன் மூக்கு இல்லாவிட்டால் உங்கள் தேயிலை பாழ் என்று. துரைக்குத் தேயிலை வேண்டுமே... சயாம் பட்டியலில் கிரகரியின் பெயரை அடித்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் அவன் வந்தான். கடித விஷயத்தை ஆலையில் கணக்கெழுதும் கிராணி சொன்னாராம்.

"கோவத்துல போயிட்டேன் பிலோமி. ஆனா வழியெல்லாம் உங்க முகந்தான்... அப்பாகிட்ட வந்து பொண்ணு கேக்கவா?"

அவள் கன்னம் சூடேறியது. ஆனாலும் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு சரி சொல்ல மனம் வரவில்லை.

"ஒண்ணு சொல்லணும். கேட்டப்புறம் வேணாம்னு தோணுனா போயிடுங்க." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க நூலைத் தப்பா எடுத்தீங்கல்ல... அந்த நிமிசம் எனக்கு சயாம் ஞாபகமே வரல. கப்பலேறிப் போகமாட்டீங்கன்னு... சந்தோசப்பட்டேன்."

கிரகரி போகவில்லை. நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்து, டிரஸ்ஸர் எழுந்து வரும்வரை காத்திருப்பதாகச் சொன்னான்.