மூன்று பக்கம் தைத்த வீடு

காலை ஏழு மணிக்கு அடித்துத் தள்ளிய ஒட்டடை ஒன்பது மணிக்கு அதே இடத்தில் இருந்தது. குளியலறை ஜன்னலின் இடது மேல் மூலை. செக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒட்டடையும் அவரைப் பார்த்தது.

முப்பத்திரண்டு வருடம் பஸ் பஸ்ஸாக ஏறி டிக்கெட் பரிசோதித்தவர். படிக்கட்டில் தொங்குகிறவனின் காதைப் பார்த்தே அவன் டிக்கெட் எடுத்தவனா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அப்படிப்பட்டவரின் சுவரில், அவரைக் கேட்காமல் ஒரு பூச்சி குடியேறுவதாவது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டின் வெளிப்புறம்தான் அவருக்கு பஸ். நீளக் கம்பின் நுனியில் துடைப்பத்தைக் கட்டி, தினமும் நான்கு சுவரையும் ஒரு சுற்று வருவார். மழைக்காலம் நெருங்கினால் ஏணி போட்டு, கூரை ஓரத்தில் மழைத்தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் நீளத் தகரத்தையும் சுத்தம் செய்வார்.

அன்றும் ஏறினார். தகரம் விளிம்புவரை நிறைந்திருந்தது. கறுத்து மக்கிய சருகு, அடியில் சேறு, சேற்றுக்கடியில் பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று. கையை வைத்தால் உள்ளங்கைச் சூடு இருந்தது, பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல் ஒரு வாடை வந்தது. இதில் ஒரு சின்ன விஷயம் உறுத்தியது. அந்தத் தெருவில் மரமே கிடையாது.

சரி, காற்று கொண்டுவந்திருக்கும் என்று விட்டுவிட்டார். அள்ளி வாளியில் போட்டு இறக்குவதுதான் முறை. ஆனால் முழங்கால் வலி. ரப்பர் குழாயை மேலே இழுத்து, தண்ணீரைப் பீய்ச்சி, அத்தனையையும் சுவருக்குள் பதித்த இறங்கு குழாயில் தள்ளிவிட்டார். கீழே வாசற்படி ஓரம் தெளிந்த தண்ணீர் கொட்டியது. எவ்வளவு சுத்தம் என்று அவருக்கு மனம் குளிர்ந்தது. ஆயுள் முழுக்க ஏறுகிறவனையும் இறங்குகிறவனையும் எண்ணிப் பார்த்த மனிதர், அன்று ஏறியதை மட்டும் பார்த்தார்.

மாடி முன்னறையில் அவர் மனைவி படுத்திருந்தாள். தையற்காரி. படியில் சறுக்கி விழுந்து, வலது கால் தொடைவரை மாவுக்கட்டு. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லி, பதினைந்து நாள் ஆகியிருந்தது. அவளை மேலே ஏற்றவே நான்கு பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் எதிர்வீட்டு எலக்ட்ரீசியன்.

மறுநாள் தகரம் மறுபடி நிறைந்திருந்தது. மறுபடி பீய்ச்சினார். அதற்கு மறுநாளும். ஒட்டடையோ மூலையை விட்டுவிட்டு, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நேர்கோடாக ஓடத் தொடங்கியிருந்தது.

"என்ன செக்கர் சார், தினமும் சுவத்தையே மொறைச்சுட்டு நிக்கிறீங்க? சிலந்திகிட்ட டிக்கெட் கேட்டீங்களா?" என்றார் எலக்ட்ரீசியன், தெருவில் நின்று.

"கேக்கணும்னா முதல்ல அது கண்ணுல படணும்ல?" என்றார் செக்கர். சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளில் ஒரு சிலந்தியைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மனைவி அறையின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே ஏணி போட்டுக் கம்பை ஓங்கினார்.

"ஏங்க, நில்லுங்க. அடிக்காதீங்க." அவள் முழங்கையை ஊன்றி எழுந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். நூலைச் சந்தேகப்பட்டு வாடிக்கையாளரின் துணியைப் பார்க்கும் அதே பார்வை. "இது வலை இல்லீங்க. கெட்டித் தையல்."

"என்னது?"

"ஒரு எட்டு முன்னாடி, அரை எட்டு பின்னாடி. பாருங்க. ஒரு அங்குலத்துக்குப் பன்னெண்டு விழுந்திருக்கு. எனக்கே பத்துதான் வரும்." குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. "கை சுத்தம்னா கை சுத்தம்."

"உனக்கு படுத்துப் படுத்து மண்டை கொழம்பிப் போச்சு," என்று சொல்லி, கம்பால் அடித்தார். அறுந்து விழவில்லை. சமையல் கத்தியால் அறுத்தார். இழை விறைத்து, இழுபட்டு, விட்டபோது எங்கோ கூரைமேல் ஒரு சுருக்கம் நீவப்படுவது போன்ற ஓசை கேட்டது.

ஏழாம் நாள் மாலை. மேகம் இறங்கி, விளக்கு போட வேண்டிய அளவுக்கு வீடு இருண்டிருந்தது. செக்கர் வழக்கமான சுற்று வந்தார். பின்கதவு திறக்கவில்லை, நிலைக்கும் கதவுக்கும் நடுவே வெள்ளைத் தையல். இடது பக்கத்து ஜன்னல்கள் மூன்றும் அப்படியே. வலது பக்கமும். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் ஒரே நீளத் தையல், வளைவில்லாமல், ஒரு பிசிறுகூட இல்லாமல். முன்பக்கம் மட்டும் சும்மா இருந்தது. கத்தியை எடுத்துப் பின்கதவில் வைத்தார். கத்தி வழுக்கியது.

மாடிக்கு ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். மனைவி தலையணையின் ஓரத் தையலை விரலால் நீவினாள்.

"தலைகாணி உறை எப்படித் தைக்கிறதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். "மூணு பக்கம் தைச்சிட்டு, ஒரு பக்கம் விட்டு வைப்போம்."

"எதுக்கு?"

"உள்ள அடைக்க."

கீழே ஏதோ சரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. கம்பளி விழுவதைப் போல.

"ஏங்க, மத்தியானத்துலேருந்து சுவரு ஒரு மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்களேன்."

தொட்டார். சுவர் அமுங்கியது. விரலை எடுத்ததும் மெல்ல எழும்பிப் பழைய நிலைக்கு வந்தது. சுண்ணாம்பு விரிசலில் ஒரு சருகின் நுனி எட்டிப் பார்த்தது. அதை இழுத்தார். பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதன் பின்னால் ஒரு கைப்பிடி. பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடை. ஏழு நாள் அவர் பீய்ச்சித் தள்ளியது. கீழே இறங்காதது.

"நான்தான்," என்றார். "நானேதான் அடைச்சிருக்கேன்."

"அப்புறமா அழுதுக்கலாம். என்னைத் தூக்குங்க."

கைகளைக் கொடுத்துத் தூக்கினார். மாவுக்கட்டு கட்டிலை விட்டு நகரவில்லை. இன்னொரு முறை. அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவர் கட்டிலின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சற்றுமுன் அங்கே ஒரு ஸ்டூலுக்கு இடம் இருந்தது.

"ரெண்டே நிமிஷம். எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"என்னை விட்டுட்டுப் போகாதீங்க."

"ரெண்டே நிமிஷம், கண்ணு."

படியில் சருகு முழங்கால்வரை ஏறியிருந்தது. நீந்தி இறங்கினார். வாசலைத் தாண்டி விழுந்து, கத்தினார். எலக்ட்ரீசியன் தோளில் துண்டோடு ஓடிவந்தார். பாதித் தெருவில் நின்றுவிட்டார். பார்வை செக்கரைத் தாண்டி வீட்டின்மேல் இருந்தது.

செக்கர் திரும்பினார்.

வாசல் கதவு மூடியிருந்தது. அவர் மூடவில்லை.

அடி மூலையிலிருந்து நூல் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி தெரியவில்லை. கை தெரியவில்லை. ஒரு எட்டு முன்னாடி. அரை எட்டு பின்னாடி. அவசரமே இல்லை.

கத்தியை மாடியிலேயே விட்டிருந்தார். நகத்தால் பிராண்டினார். பல்லை வைத்தார். நூல் உப்புக் கரித்தது.

"ஏங்க." மேலிருந்து. ரொம்பத் தூரத்திலிருந்து. வாயில் துணி வைத்துப் பேசுவதுபோல். "ஏங்க, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு."

மாடி முன்பக்க ஜன்னலில் சருகு. கண்ணாடி முழுக்க, அழுந்தி. அதன் நடுவில் ஒரு உள்ளங்கை. தட்டையாக, வெளுத்து.

நூல் கதவின் தலையை அடைந்தது. நின்றது. முடிச்சு விழுந்தது.

கூரைக்கு மேலே, மேகம் மட்டுமே இருந்த இடத்தில், பல்லால் நூலைக் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டது.

பிறகு இடது சுவரில் ஒரு தட்டு. வலது சுவரில் ஒரு தட்டு. பக்குவமாக. வீடு குழைந்தது, உப்பியது, அடங்கியது.

மேகம் தாழ்ந்தது. கூரையின் நடுவில் ஓட்டோடு ஓடாக ஒரு பள்ளம் விழுந்தது. அகலமாக, வட்டமாக. இறங்கி, இறங்கி, ஜன்னலில் இருந்த கை மறையும்வரை இறங்கி நின்றது.

மேலே ஏதோ ஒன்று சுகமாக மூச்சு விட்டது.