தட்டிவிட்ட பொறி

"பூனையப் பிடிக்கலேன்னா நேராச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே—"

"அத்தே, நான் எலிப்பொறியத் தட்டிவிட்டுட்டுத்தான்—"

"தட்டிவிட்ட பொறி தானா வாயைத் திறந்து கடிக்குமா?"

கால்நடை மருத்துவரின் அறைக்குள் மாமியாரும் மருமகளும் இப்படித்தான் நுழைந்தார்கள். மாமியாரின் கையில், துண்டில் சுற்றிய பூனை. பின்னால், கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டிய மகன். இரவு வேலை முடிந்து வந்த தூக்கம் இன்னும் கண்ணில் இருந்தது.

மருத்துவர் வீங்கிய முன்னங்காலை மெல்ல அழுத்திப் பார்த்தார். "எலும்பு முறியலே. நடந்துடும்."

"இது நடந்துடும். இவ நடையைக் கட்டட்டும், அவ அம்மா வீட்டுக்கு!" என்றாள் மாமியார்.

மருமகளுக்குக் கண் தளும்பியது. "ராத்திரி பூனைய அத்தை அறையில விட்டுச் சாத்திட்டுத்தான் அடுப்படியில பொறி வைப்பேன், டாக்டர். காலையில குச்சியால தட்டி விழவெச்சுடுவேன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அத்தை கதவைத் திறப்பாங்க. குளிச்சிட்டு வந்து பொறியை எடுத்து வைப்பேன். இன்னிக்குக் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பூனை அலறுது."

"சத்தம் கேட்டுது, இல்லேங்கலே. மறுபடி வெச்சிருப்பா!"

கம்பவுண்டர் மருத்துவரின் காதருகே குனிந்தார். "மாமியார் வேலைதான் டாக்டர். பழி போட..."

"தன் செல்லத்தோட காலை நசுக்கியா?" என்ற மருத்துவர் மருமகளிடம் திரும்பினார். "பொறியில என்ன மாட்டுவீங்க?"

"வறுத்த கடலை."

மருத்துவர் பூனையின் நகத்திடுக்கிலிருந்து எதையோ இடுக்கியால் எடுத்து முகர்ந்தார். "இது மீன். நேத்து பூனைக்குப் போட்டீங்களா?"

"இருந்ததே ரெண்டு துண்டு. ரெண்டையும் இவன் சாப்பாட்டு டப்பாவுலதான் வெச்சேன்," என்றாள் மாமியார்.

"விரல்ல என்ன தம்பி?"

"டப்பா மூடி வெட்டிடுச்சு."

"வெட்டினா நகம் இப்படிக் கறுக்காது. நசுங்கினாத்தான் கறுக்கும். இன்னிக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுதா?"

மகன் தலையசைத்தான்.

"மத்த நாள்ல நீங்க வர்றப்ப பொறி கண்ணுலயே படாது. இன்னிக்கு இவங்க குளிக்கறப்பவே வந்துட்டீங்க; பொறி விழுந்து கிடந்தது, எலியையும் காணோம். எலி ஏமாத்திடுச்சுன்னு நினைச்சு மிச்ச மீனை மாட்டி, விரலையும் குடுத்து, இழுத்து வெச்சுட்டுப் படுத்தீங்க. பொறி விழுந்து கிடந்தா பூனை வெளியே உலாத்துதுன்னு அர்த்தம். அது இவங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஒத்தாசையா இருக்குமேன்னு..." என்று இழுத்தான் மகன்.

மாமியார் துண்டின் நுனியை நீவிக்கொண்டிருந்தாள்.

"இனிமே கூண்டுப் பொறி வைங்க. பூனை கால் உள்ளே போகாத அளவுக்குக் கம்பி நெருக்கமா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு மருத்துவர் கட்டுப் போடத் தொடங்கினார்.

மருமகள் கணவனைப் பார்த்தாள். "ஏங்க, வழி நெடுக நான் பேச்சு வாங்கிட்டு வந்தேனே, அப்ப நீங்க எந்தப் பக்கம் பார்த்துட்டு வந்தீங்க?"